இரவல் வயலினும் பெற்றோர் கையெழுத்தும்

சென்ற மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகல். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய மகள், பீரோவின் மேலிருந்து வயலின் பெட்டியை இறக்கித் திறந்தாள். கம்பிகளைத் தாங்கும் குதிரை என்ற சிறு மரத்துண்டு சரிந்து கம்பிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. வயலினைத் தூக்கியபோது உள்ளே ஏதோ குச்சி உருளும் சத்தம். தாடை வைக்கும் இடத்துக்கு அருகில், மேல்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற விளிம்பில், நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. "நான் ஒன்றுமே செய்யவில்லை அம்மா" என்று சொல்லும்போதே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

வயலின் எங்களுடையது அல்ல. அவள் கற்றுக்கொள்ளும் இசை வகுப்பு, ஆண்டுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு கொடுத்தது. சேர்க்கும் அவசரத்தில் நான் கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு வரி இருந்தது: வாத்தியத்துக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் பெற்றோரே முழுப் பொறுப்பு. நடந்ததைத் தொலைபேசியில் சொன்னதும் அங்கிருந்து வந்த முதல் பதில், புது வயலினின் விலை.

அன்று இரவு நான் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து, முதல் முறையாக முழுவதும் படித்தேன். பிறகு சட்டத்தையும் படித்தேன். பிள்ளையை மிருதங்கம், வீணை, கீபோர்டு என்று ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு வாத்தியத்தை இரவல் வாங்கும் குடும்பங்கள் வேலூரில் ஏராளம். அவர்கள் யாரும் என்னைப் போல ஒரு விலைப் பட்டியலைப் பார்த்து உறைந்துபோக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிள்ளை உடைத்தால் பெற்றவர் கட்ட வேண்டும் என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் விஷயம். தெருவில் பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கினால் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த உணர்வுக்கு ஆழமான வேர் உண்டு. மகன் ஓட்டிய தேரில் கன்று சிக்கி இறந்ததற்காகத் தாய்ப்பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவனுடைய சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில், பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்த சேதத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற பொதுவிதி கிடையாது. பெற்றோரே கவனக்குறைவாக இருந்தார்கள், அல்லது பெற்றோரே செய்யச் சொன்னார்கள் என்று காட்டினால் ஒழிய, பிள்ளையின் தவறு பெற்றோரின் கடனாக மாறாது.

அப்படி மாற வேண்டும் என்று நாடாளுமன்றம் நினைக்கும்போது அதை வெளிப்படையாகவே எழுதிவைக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவு நல்ல உதாரணம். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார்; 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வயலினுக்கும் தவிலுக்கும் அப்படி ஒரு பிரிவு எங்கும் இல்லை.

அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பு எங்கிருந்து வருகிறது? பொருளைக் கையில் வாங்கியதிலிருந்து வருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 148 இதை ஒப்படைப்பு என்ற தலைப்பில் சொல்கிறது. நீதிமன்றங்களில் பெய்ல்மென்ட் என்பார்கள். லாங் பஜாரில் மெருகு போடக் கொடுக்கும் சங்கிலி, பஸ் நிலையத்து ஸ்டாண்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு விடும் பைக், சலவைக்குப் போடும் பட்டுப்புடவை எல்லாமே இந்த வகைதான். பொருள் ஒருவருடையது, கை இன்னொருவருடையது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் வாத்தியமும் இதில் அடங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கை யாருடைய கை என்பது. வாசிப்பது பிள்ளையாக இருந்தாலும் ஒப்பந்தம் செய்வது பிள்ளையாக இருக்க முடியாது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று மோகிரி பீபி வழக்கில் 1903-இல், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுதான் நிலை. ஆகவே பத்து வயதுப் பையனிடம் ஒரு தாளை நீட்டி "உடைந்தால் நான் பொறுப்பு" என்று எழுதி வாங்கினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பெற்றோர் கையெழுத்திட்டால் நிலைமை வேறு. அப்போது வாத்தியத்தை வாங்கிக்கொண்டவர் பெற்றோர்; பிள்ளை அவர் அனுமதியோடு வாசிக்கிறது. அந்த ஒரு கையெழுத்தோடு பிரிவு 151 பெற்றோர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அந்தப் பிரிவை நான் பலமுறை படித்தேன். எளிமையும் நியாயமும் சேர்ந்த வாக்கியம் அது. அதே பருமனும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அதே அளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அடுத்த பிரிவு 152, அந்தக் கவனம் எடுத்துக்கொண்டிருந்தால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பொருள் கெட்டாலும் தொலைந்தாலும் பொறுப்பில்லை என்கிறது. சேதம் நடந்ததா என்ற கேள்வியோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்கிறது. பொருள் உங்கள் வீட்டில் இருந்ததால், கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டிய சுமை உங்களுடையது.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, வாத்தியம் எப்படிச் செய்யப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காட்பாடியில் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் வயலினை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பு முழுவதும் விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசை. விட்டிருந்த இடத்தில் பொத்தென்று வேறு ஓசை. "விழுந்த அடி இல்லை அம்மா. பசை விட்டிருக்கிறது. பலகை கீறியிருந்தால்தான் பயப்பட வேண்டும்" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி வழக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது. நல்ல வயலின்களை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால். சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும். மேல்பலகையை ஒட்டும்போது பசையை வேண்டுமென்றே நீர்க்க வைப்பார்கள். மரம் சுருங்கி விரியும்போது எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பலகை பிளப்பதைவிட ஒட்டு விடுவது மேல் என்று செய்தவரே முன்கூட்டி யோசித்து வைத்த ஏற்பாடு அது. உள்ளே உருண்ட குச்சியை எங்கும் ஒட்டுவதே இல்லை. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே கம்பிகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. குதிரை சரிந்து அழுத்தம் போனால் அதுவும் சாய்ந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாமே உடைந்து கிடப்பதுபோல் இருந்த வயலினில் உண்மையில் உடைந்தது எதுவுமே இல்லை.

வீணைக்கும் இதே கதைதான். விரல் வைத்து அழுத்தும் அதன் 24 உலோக மெட்டுகளும் தேன்மெழுகு கலந்த பட்டையின் மேல் நிற்கின்றன. வேலூர் மே மாத வெயிலில் மூடிய அறையில் கிடந்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகரும்; சுருதி குழம்பும். பிள்ளை அழுத்தி வாசித்ததால் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

இப்போது பிரிவு 151-க்கு வருவோம். ஆண்டுதோறும் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே வசிக்கும் விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த வயலினை மொட்டைமாடிக்குக் கீழே, இரும்பு பீரோவின் மேல், பத்து நாள் வைத்துவிட்டுப் போவாரா? மனசாட்சியோடு சொன்னால், போகமாட்டார். கட்டிலுக்கு அடியில், தரையின் குளிர்ச்சியில் வைத்திருப்பார். அந்த அளவுக்கு என் மேல் தவறு உண்டு. மகள் மேல் இல்லை. அதை அவளிடம் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவள் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மிருதங்கத்தில் இந்தக் கவனம் இன்னும் தெளிவாகத் தெரியும். தொப்பி எனப்படும் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்துத் தடவித்தான் வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட வேண்டும். எடுக்காமல் மூலையில் வைத்தால் அந்த ரவைக்காக எலி வரும். ரவையோடு தோலையும் சேர்த்துக் கடிக்கும். எலி கடித்ததற்குப் பெற்றோர் என்ன செய்வார்கள் என்று கேட்டால், ரவையைச் சுரண்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்களா, தினமும் ஒரு பார்வை பார்த்தார்களா என்பதுதான் பதில் கேள்வி. இதற்கு நேர் மாறானது வலது பக்கமான வலந்தலை. வாசிக்க வாசிக்க நடுவிலுள்ள கருஞ்சோறு உதிரும், தோல் தளரும், ஒரு கட்டத்தில் மூட்டு எனப்படும் தோல்கட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். அது சேதம் அல்ல, தேய்மானம். வாசிக்கக் கொடுத்த வாத்தியம் வாசித்ததால் தேய்ந்ததற்குப் பெற்றோரிடம் பணம் கேட்பது முறையல்ல. படிவத்தில் இந்த வேறுபாடு எழுதப்படாததால்தான் ஆண்டு முடிவில் அத்தனை வாக்குவாதங்களும் வருகின்றன என்பது என் எண்ணம்.

கவனமாக இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு உண்டு. பலருக்கு இவை தெரிவதில்லை.

ஒன்று, கொடுத்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது. பிரிவு 154-இல் சட்டமே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறது. ஒருவர், நீ மட்டும் ஏறிச் செல் என்று குதிரையை இரவல் கொடுக்கிறார். வாங்கியவர் அதைத் தன் குடும்பத்தில் ஒருவருக்கு ஓட்டக் கொடுக்கிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து காயப்படுகிறது. இரவல் வாங்கியவரே இழப்பீடு தர வேண்டும். குதிரை இருக்கும் இடத்தில் கீபோர்டை வைத்துப் பாருங்கள். வீட்டில் பயிற்சிக்கு என்று தங்கைக்குக் கொடுத்த கீபோர்டை அண்ணன் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். மின்சாரம் ஏறி இறங்கிக் கருவி கருகிவிடுகிறது. அவன் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டான் என்பது இங்கே எடுபடாது. இங்கிலாந்தில் 1943-இல் பாலெட் எதிர் மிங்கே என்று ஒரு வழக்கு. ஒலிபெருக்கியையும் மைக்கையும் வாடகைக்கு எடுத்த ஒரு சிறுவர் அதை நண்பரிடம் கொடுத்துவிட்டார். சிறுவரின் ஒப்பந்தம் செல்லாது என்றாலும், ஒப்பந்தத்துக்கு முற்றிலும் வெளியே போய்விட்ட காரியத்துக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்துபோவது. பிரிவு 160, காலம் முடிந்ததும் கேட்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் தவறால் உரிய நேரத்தில் திருப்பிக் கொடுக்காவிட்டால், அன்றிலிருந்து எந்தச் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு என்கிறது 161. என் படிவத்தில் ஏப்ரல் 30 என்று தெளிவாக இருந்தது. வயலின் கெட்டதோ மே மாதத்தில். எனக்கு வயிறு கலங்கிய இடம் இதுதான். வாட்ஸ்அப்பில் பின்னோக்கித் தேடியபோது, விடுமுறையிலும் பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யட்டும், ஜூனில் கொண்டுவந்தால் போதும் என்று வகுப்பிலிருந்து வந்த செய்தி கிடைத்தது. அது இல்லாவிட்டால் நான் பேசுவதற்கு அதிகம் இருந்திருக்காது. இத்தகைய செய்திகளை அழிக்காதீர்கள்.

கொடுத்தவர் பக்கமும் கடமை உண்டு. தமக்குத் தெரிந்த குறையை அவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 150. இலவசமாகக் கொடுப்பவருக்கு அதோடு சரி. வாடகைக்குக் கொடுப்பவர் என்றால், அவருக்கே தெரியாத குறையால் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தாலும் அவர்தான் பொறுப்பு. நாம் இரவல் என்று சொல்லிக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கைமாறியவுடன் சட்டத்தின் கண்ணில் அது வாடகை. ரசீதை வைத்திருப்பது நல்லது.

இனி அந்த "முழுப் பொறுப்பு" வரி. 152-இல் தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்ற சொற்கள் இருப்பதை மேலே சொன்னேன். ஆகவே அந்த வரி வெறும் மிரட்டல் அல்ல; கையெழுத்திட்டால் கவனமாக இருந்தேன் என்ற வாதத்தை அது பெருமளவு பலவீனமாக்கும். ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்பதை அந்த வரி மட்டும் தீர்மானித்துவிடாது. பிரிவு 73 உண்மையான இழப்பைப் பார்க்கிறது. 74, படிவத்தில் ஒரு தொகை குறிப்பிட்டிருந்தால்கூட அது மேல்வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எட்டு ஆண்டு பல பிள்ளைகள் கையில் புழங்கிய வயலினின் ஒட்டு விட்டதற்கு ஒட்டுகிற கூலி இழப்பு. புது வயலின் விலை இழப்பு அல்ல.

பள்ளியே நேரடியாகப் பிள்ளையிடம் கொடுக்கும் வாத்தியங்கள் வேறு வகை. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்த பிறகு பறையும் கஞ்சிராவும் பல பிள்ளைகள் கைக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மைதானத்தில் ஆசிரியர் முன்னிலையில் பறையைத் தீயில் காய்ச்சும்போது சூடு மிகுந்து தோல் கிழிந்தால், கையெழுத்தே இடாத, அங்கே இல்லாத பெற்றோர் மேல் ஒப்பந்தமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. அதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்யும் துன்புறுத்தலாகவே ஆகிவிடும். பணம் கட்டினால்தான் டிசி என்பதும் செல்லாது; மாற்றுச் சான்றிதழ் நிலுவைத் தொகையை வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீசில் சொல்வோம் என்ற பேச்சுக்கும் பொருளில்லை. கைதவறி உடைந்தது குற்றமாகாது. 7 வயதுக்குக் கீழே எதுவுமே குற்றமாகாது. பேச்சு முறிந்துவிட்டால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

என் தாத்தா ஊர் அணைக்கட்டுப் பக்கம். வட ஆர்க்காடு 1989-இல் பிரிந்து, வேலூர் 2019-இல் மூன்றாகி, எல்லைகள் எத்தனையோ மாறிவிட்டன. அந்தப் பக்கத்துக் கிராமங்களின் பஜனைக் கோயில்கள் மட்டும் மாறவில்லை. மார்கழிக்கு ஒரு வாரம் முன்பு, ஊர்ப் பொது ஆர்மோனியத்தைப் பையன்களிடம் பயிற்சிக்குக் கொடுப்பார்கள். காகிதம் எதுவும் கிடையாது. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து துருத்தியை அசைத்துக்கொண்டே, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு போவார். ஊமையாக இருக்கும் கட்டை வந்ததும் நிறுத்தி, "இது முன்பே பேசாது, தெரிந்துகொள்" என்பார். வாங்கிக்கொள்ள வந்த பையனும் அவனுடைய அப்பாவும் தலையாட்டுவார்கள். தை முதல் நாள் திரும்பி வரும்போது மறுபடியும் அதே திண்ணை, அதே கட்டைகள். பிரிவு 150 அச்சான புத்தகத்தை அந்தப் பெரியவர் பார்த்திருக்கமாட்டார். அது கேட்கிற வேலையை மட்டும் ஆண்டு தவறாமல் செய்தார்.

வயலினை ஒட்டி, குச்சியை நிறுத்தி, குதிரையைச் சரிசெய்த கூலியை நான் கொடுத்தேன். பெரியவர் ஒரு துண்டுத் தாளில், விழுந்த அடி இல்லை, பசை விட்டது என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு வகுப்பில் புது வயலின் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, அடுத்த ஆண்டுப் படிவத்தையும் நீட்டினார்கள். "எந்தச் சேதத்துக்கும்" என்பதை அடித்துவிட்டு, "எங்கள் கவனக்குறைவால் நேரும் சேதத்துக்கு, பழுது பார்க்கும் செலவு" என்று எழுதிக் காட்டினேன். ஆசிரியர் படித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

பிறகு மேசை மேல் வயலினைத் திருப்பி வைத்து, ஏற்கெனவே இருந்த தழும்புகளை மூவருமாகப் பார்த்தோம். கீழ்ப்பலகையில் இரண்டு கீறல், கம்பியை முறுக்கும் ஒரு பிருடையின் முனையில் சிறு உடைவு, வில்லில் சில முடி குறைவு. மகள்தான் தன் கையெழுத்தில் ஒவ்வொன்றையும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். புதிதாக ஒட்டிய இடத்தையும் அவளே தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, அதையும் சேர்த்து எழுதினாள்.